எதிர் ஜன்னல் வழியாக ஒரு பாதை

திரையில் தாராவியின் ஒரு சந்து இருந்தது. உயரத்திலிருந்து பார்த்த மாதிரி, சாம்பல் நிறக் கட்டங்களாக வீடுகள், நடுவில் கோடு போல வழி. அந்தக் கோட்டில் பச்சைப் புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள். நீலம் தண்ணீர். நீலம் ஏற ஏறப் புள்ளிகள் நெருக்கியடித்து, நின்று, மறுபடி நகர்ந்து, ஒவ்வொன்றாகப் பெரிய ரோட்டுக்கு வந்து மறைந்தன.

செம்பூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் லேப் அது. ஏ.சி.யின் உறுமல், கீழே கேன்டீனில் வடை பொரியும் வாசனை. மேஜையைச் சுற்றி மூன்று பேர்: நான், என்னோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்த ஸ்நேஹல் என்ற மராத்திப் பெண், பேரிடர்த் திட்டம் எழுதும் பொறுப்பில் இருந்த அதிகாரி ஒருவர்.

கடைசியில் சந்து முழுக்க நீலமாகிவிட்டது. ஒரே ஒரு புள்ளி மட்டும் மிச்சம். மாடியறை ஒன்றில் அசையாமல் நின்று, சிவப்பாக மாறியது. சிவப்பு என்றால் தப்பவில்லை.

அதிகாரி டீயைக் கீழே வைத்தார். "ஏக் ஹீ தோ ஹை, மேடம்." ஒன்றுதானே என்கிறார். குரலில் பாராட்டு வேறு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கோபத்தைப் பற்றித் தெரியும். புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளலாம்: எனக்குக் கோபம் மூக்கின் நுனியில்தான் இருக்கும். "அந்த ஒண்ணுக்குப் பேர் இருக்கு சார். மைமூன். நான் இப்போ போட்டிருக்கிற பிளவுஸைத் தைச்சது அவதான்" என்று இந்தியில் சொன்னேன்.

என் பிளவுஸைப் பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் சுவரைப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் ஒத்திகை

மாட்டுங்கா மார்க்கெட்டைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "கம்ப்யூட்டர் டீச்சர் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். இத்தனை வாரமாகக் காபியும் கத்தரிக்காயும்தான் வருகிறது. கம்ப்யூட்டர் எப்போது வரும்?" இதோ வந்துவிட்டது ஐயா.

சிமுலேஷன் என்று அதற்குப் பெரிய பெயர். நான் ஒத்திகை என்றே சொல்வேன். கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி எழுந்திருக்கும்போதே இரண்டாம் பந்திக்காரர்கள் உள்ளே நுழைந்தால் வாசலில் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். கை கழுவப் போகிறவர் ஒரு பக்கம், பாயசத் தூக்கோடு வருகிறவர் ஒரு பக்கம், குழந்தையை இடுக்கிக்கொண்டு ஓடும் அம்மா ஒரு பக்கம். அந்த நெரிசலைக் கல்யாணத்துக்கு முன்பே கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்த்து, வாசலை எங்கே வைக்கலாம் என்று சொல்வதுதான் எங்கள் வேலை. கல்யாணத்துக்குப் பதில் வெள்ளம். மண்டபத்துக்குப் பதில் சந்து.

இதில் எனக்கு ஆசை வந்ததற்கு ஒரு மழை காரணம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ரயில் நின்று, பஸ் நின்று, செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தேன். செருப்பு எந்த இடத்தில் போனது என்றே தெரியாது. சயானில் ஓரிடத்தில் முன்பின் தெரியாத சிலர் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டிவைத்து நின்றார்கள். "பகடோ, பகடோ" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொருவரையும் பிடிக்கவைத்துக் கடத்திவிட்டார்கள். ஒரு பெண்மணி என் வாயில் பிஸ்கட்டைத் திணித்தாள். நமுத்துப்போன அந்த பிஸ்கட்டின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா துண்டை நீட்டினார். "டிபன் பாக்ஸ் எங்கே?" என்று கேட்டார். அவர் கவலை அவருக்கு. நான் அந்தக் கயிற்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கட்டச் சொல்லி எந்தத் திட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. எங்கே கட்டினால் அதிகம் பேர் தப்பிப்பார்கள் என்று முன்னாலேயே கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வி அன்றைக்கு என்னைப் பிடித்ததுதான்.

வாளியில் ஏறும் துணி

மைமூனுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி தாராவிக்கு வந்தவள். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. மாடியில் ஒற்றை அறை, அதிலேயே தையல் மிஷின், அதிலேயே அடுப்பு. வெளியே செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. அதில் இறங்க அவளுக்குக் கணவர் காசிமின் தோள் வேண்டும். அவர் காலையில் மாஹிம் பக்கம் தோல் பை தைக்கும் பட்டறைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்.

கீழே ஒரு ரூமுக்கு மாறலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. "கீழ வருசா வருசம் தண்ணி ஏறுது டீச்சர். ஊரான் வீட்டுப் பட்டு நனைஞ்சா நானா பதில் சொல்லுதது?" என்பாள். அவள் இறங்குவதில்லை, துணி ஏறும். கயிறு கட்டிய பிளாஸ்டிக் வாளியைக் கம்பியில்லாத ஜன்னல் வழியாக இறக்குவாள். துணியையும் அளவு பிளவுஸையும் போட்டால் வாளி மேலே போய்விடும்.

நான் மட்டும் செம்பூரிலிருந்து வந்து ஏணியேறிப் போவேன். போனால் வசவு இலவசம்.

"என்ன டீச்சர், அளவுக்குன்னு இதக் கொண்டாந்திருக்கிய. இது உங்க மக பிளவுஸுலா?"

"போன வருஷம் நீ தைச்சதுதான்."

"போன வருசத்து டீச்சர் வேற, இந்த வருசத்து டீச்சர் வேற. டேப்ப எடுக்கேன், மூச்ச உள்ள இழுக்காம நில்லுங்க."

அதிகாரி சில சந்துகளைக் காட்டி, எதை வைத்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. மைமூனின் சந்தைக் கைகாட்டினேன்.

மே மாதத்துப் பூட்டுகள்

ஆரம்பத்தில் எங்கள் ஒத்திகையில் சிவப்புப் புள்ளியே வரவில்லை. எல்லாரும் காற்று வாங்கப் போகிற மாதிரி சாவகாசமாக வெளியே வந்தார்கள். மைமூனையும் பேரிடர் உதவிக்கு வரும் இரண்டு தொண்டர்கள் ஏணியேறி இறக்கிக் கூட்டிவந்தார்கள்.

காரணம் இதுதான். அந்தச் சந்தில் ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால், மே மாதத்தில் மாக் டிரில் நடக்கும். விசில் ஊதுவார்கள், ஜனங்கள் வெளியே வருவார்கள், எவ்வளவு நேரத்தில் சந்து காலியானது என்று அதிகாரி குறித்துக்கொள்வார். அவர் கொடுத்த அந்தக் கணக்கை வைத்துத்தான் கம்ப்யூட்டருக்குள் ஜனங்களை நடக்கவிட்டோம்.

அந்த வருட டிரில்லைப் பார்க்க நானும் ஸ்நேஹலும் நேரில் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்நேஹல் போனில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தாள். விசில் ஊதினார்கள். நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவர் வாயில் பிரஷ்ஷோடு வந்தார். மைமூனையும் இறக்கிவிட்டார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

ஸ்நேஹல் மட்டும் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "மேடம், இந்த வீடெல்லாம் ஏன் பூட்டிக் கிடக்கு?" என்று கேட்டாள்.

பார்த்தேன். இந்தப் பக்கம் பூட்டு, அந்தப் பக்கம் பூட்டு. கீழே பூட்டு, மேலே பூட்டு. சில பூட்டுகளுக்கு மழை வந்தால் துருப்பிடிக்காமல் இருக்க பிளாஸ்டிக் பை வேறு சுற்றியிருந்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மே மாதத்தில் திருநெல்வேலி ஜனம் தாராவியில் இருக்குமா? பள்ளிக்கூட லீவு, கோயில் கொடை, கந்தூரி, கல்யாணம், காதுகுத்து எல்லாம் அந்தக் காலத்தில்தான். மாதக்கணக்கில் முன்னாலேயே டிக்கெட் எடுத்து, அட்டைப் பெட்டிகளோடு குர்லா டெர்மினஸில் ரயிலேறியிருப்பார்கள். ரயில் பாத்ரூமை நினைத்தே மைமூன் போவதில்லை, அவளுக்காகக் காசிமும் போவதில்லை. மற்றவர்கள் பள்ளி திறக்கும் நேரத்தில் திரும்புவார்கள். கூடவே மழையும் வந்து சேரும். ஆள் இல்லாத சந்தை வருடாவருடம் காலி செய்துகாட்டி, திட்டம் பிரமாதம் என்று மெச்சிக்கொண்டிருக்கிறோம்.

அதிகாரியிடம் சொன்னேன். "மே மாதம் நடத்துவதுதானே வழக்கம்" என்றார். "வெள்ளம் மே மாதம் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தால் சரி" என்றேன். அவருக்கு ரசிக்கவில்லை. ஆனாலும், ஜூன் மாதத்து ஜனத்தை வைத்து ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார். நல்ல மனுஷர்தான்.

வீட்டுக்கு வீடு ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தோம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், ஓரமாக நிறுத்திய கைவண்டி, வாசலில் தண்ணீர் டிரம், எல்லாம். அதைத்தான் அன்று லேபில் ஓடவிட்டோம். அந்தச் சிவப்புப் புள்ளி அப்போதுதான் வந்தது.

மழை முடியும்வரை பள்ளிக்கூடத்தில்

ஏன் அவள் மட்டும் மாட்டிக்கொள்கிறாள் என்று மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். கூட்டம் வெளியே வரும் அதே வழியில்தான் தொண்டர்கள் உள்ளே போக வேண்டும். சந்து முனையிலேயே கூட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. கூட்டம் குறைந்து அவர்கள் நுழையும்போது தண்ணீர் ஏணியை எட்டிவிடுகிறது. அவள் மாடியைத் தாங்கும் பழைய கீழ்ச்சுவரோ தண்ணீர் நின்றால் சரியக்கூடியது. விசிலை முன்கூட்டி ஊதிப் பார்த்தோம். கைவண்டியை எடுத்துவிட்டுப் பார்த்தோம். மற்றவர்கள் இன்னும் சுலபமாக வெளியே வந்தார்கள், அதில் சந்தோஷம்தான். மைமூன் அங்கேயே நின்றாள்.

அதிகாரியிடம் ஒரு யோசனை இருந்தது. அவளை மழைக்காலம் முடியும்வரை பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் ஹாலில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றார். திட்டத்தில் அந்த வரியை எழுதியும் விட்டார். மழை வலுப்பதற்குள் திட்டம் அச்சாக வேண்டும், வேறு வழி தெரிந்தால் அதற்குள் சொல்லுங்கள், மாற்றிவிடலாம் என்றார்.

மைமூனிடம் போய்ச் சொன்னேன். மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

"மழ பூரா ஸ்கூல் பெஞ்சுல கெடக்கச் சொல்லுதியளா? மிஷின யாரு தூக்கிட்டு வருவா? அடுத்த வருசம் மழ வராதா? வருசா வருசம் மூட்டையக் கட்டணுமா?"

"உயிர் முக்கியம் இல்லையா மைமூன்?"

"இந்த ரூமு இல்லன்னா நான் ஒரு ஆளே இல்ல டீச்சர். இங்க இருந்தாத்தான் டெய்லரு. ஸ்கூல்ல போய் உக்காந்தா கால் வெளங்காதவ."

ஏணியில் இறங்கினேன். இவளை வீட்டிலிருந்தும் கிளப்பக் கூடாது, தண்ணீரிலும் விடக் கூடாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்காவிட்டால் நான் படித்த படிப்பைக் குப்பையில் போட வேண்டியதுதான் என்று என்னையே திட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

பூனை போன வழி

வழியை ஸ்நேஹல் பிடித்தாள். இல்லை, ஒரு பூனை பிடித்தது.

டிரில்லில் எடுத்த வீடியோவை அவள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். அதில் விசில் சத்தத்துக்கு மிரண்ட ஒரு பூனை மைமூனின் ஜன்னல் விளிம்பிலிருந்து எதிர் மாடி ஜன்னலுக்குத் தாவிப் போய்விட்டது.

"மேடம், நாம எல்லாரையும் கீழே இறக்கறோம். பூனை இறங்கலையே" என்றாள்.

அந்தச் சந்தில் மாடிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்கும். எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே கையை நீட்டினால் தொடும் தூரம். எதிர்க் கட்டடம் சிமென்ட் கட்டடம். அதற்குப் பின்பக்கம் பெரிய ரோட்டில் இறங்கும் படிக்கட்டு உண்டு. ரோடு மேடு. ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு பலகை போட்டால் தண்ணீரில் கால் வைக்காமலே வெளியே போய்விடலாம். எங்கள் கம்ப்யூட்டருக்குள் தரையில் மட்டும்தான் வழிகள் இருந்தன, ஆகாயத்தில் ஒன்றுமில்லை.

ஸ்நேஹல் பலகையைப் போட்டாள். ஓடவிட்டோம். புள்ளி ஜன்னலுக்கு வந்தது, தாண்டியது, எதிர் அறைக்குள் போனது, படியிறங்கி ரோட்டுக்கு வந்து மறைந்தது. பச்சையாகவே மறைந்தது. மறுபடி ஓட்டினோம், மறுபடி வந்தாள். தண்ணீரை வேகமாக ஏற்றிப் பார்த்தோம், அப்போதும் வந்தாள். நான் ஸ்நேஹலைக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்த எதிர் அறை யாருடையது என்று எனக்கு உறைத்தது. செல்லக்கனி வீடு. அவளும் மைமூனும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது.

தாட்பத்ரிச் சண்டை

பம்பாயில் மழைக்கு முன்னால் எல்லாரும் கூரையில் நீலத் தார்ப்பாய் விரிப்பார்கள். தாட்பத்ரி என்று சொல்வோம். மழைக்காலச் சண்டைகளில் பாதி அதன் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். யார் வீட்டுத் தாட்பத்ரி யார் வீட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் வழக்கு.

மைமூன் கூரைத் தாட்பத்ரி ஒரு சாண் வெளியே நீண்டிருந்தது. அதில் வழிந்த தண்ணீர் நேராகச் செல்லக்கனியின் ஜன்னலுக்குள் கொட்டியது. செல்லக்கனி வீட்டிலேயே முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள். ஒரு டின் முறுக்கும் மகளின் பரீட்சைப் புத்தகமும் ஊறிப்போயின. ஜன்னலுக்கு ஜன்னல் வார்த்தை தடித்தது. கடைசியில் செல்லக்கனி, "காலு வெளங்கலன்னாலும் வாயி நல்லா வெளங்குது" என்று சொல்லிவிட்டாள். சந்தே கேட்டது. அன்றோடு சரி. அதுவரை அந்த ஜன்னல் வழியாக மீன் குழம்பும் பிரியாணியும் போய் வந்துகொண்டிருந்தன.

இது ஒன்றும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பலகை போட்டால் போதும் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது.

மைமூனிடம் பேச்சை எடுத்ததுமே, "தண்ணில மெதந்தாலும் மெதப்பேன், அவ வீட்டு வழியாப் போவ மாட்டேன்" என்றாள்.

"வீம்புக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்று கத்தினேன். அவளும் கத்தினாள். கீழே இரண்டு பேர் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு மேற்கொண்டு கத்த முடியவில்லை. "எனக்குப் பயமா இருக்கு மைமூன்" என்றேன். "மழை வந்தா என்ன ஆகும்னு செம்பூர்ல உக்காந்து உன்னையே நினைச்சுண்டிருக்கேன். ராத்திரி தூக்கம் வரலை."

அவள் ஊசியில் நூல் கோத்தாள். "ஒங்களுக்காவ டிரில்லுக்கு ஒரு மட்டம் வாறேன். அவகூடப் பேச மாட்டேன். அவ தொறப்பாளான்னு மொதல்ல கேளுங்க" என்றாள்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டு வழியாகச் செல்லக்கனி வீட்டுக்குப் போனேன். எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். வந்த விஷயத்தைச் சொன்னதும் முகம் கடுத்தது.

"எங்கூடப் பேசாதவ எம் வீட்டு வழியா மட்டும் போவணுமாக்கும். அவ வந்து கேக்கட்டும்."

நான் லேப்டாப்பைத் திறந்து ஓடவிட்டேன். பலகை போட்டதை இல்லை. போடாததை.

"இது நம்ம சந்துலா" என்று குனிந்தாள். "இந்தப் பச்ச எல்லாம் யாரு?"

"நீங்கள்லாம்தான்."

புள்ளிகள் வெளியே போய்க்கொண்டிருந்தன. "அந்த ஒண்ணு ஏன் நிக்கி?"

"அதுதான் மைமூன். இறங்க முடியலை."

செல்லக்கனி திரைக்குப் பக்கத்தில் போனாள். நீலம் ஏறியது. சந்து காலியாயிற்று. புள்ளி சிவப்பானது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு முடிகிறவரை பார்த்தாள். பிறகு அவளே லேப்டாப்பை மூடினாள். முறுக்கு மாவு மூடியில் அப்பியது.

"இத அவளுக்குக் காட்டுனியளா?"

"இல்லை."

"காட்டாதிய." கண்ணைத் துடைத்தாள். "அன்னைக்கு நான் சொல்லக் கூடாததச் சொல்லிட்டேன் டீச்சர். ஒரு பொம்பளையப் பாத்துச் சொல்லுத சொல்லா அது?"

சரி என்று சொன்னாளா என்றால், இல்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். ஜன்னலைப் பார்த்தேன். சுவரோடு பதித்த இரும்பு கிரில். அதை அறுத்தால்தான் ஆள் நுழைய முடியும். சொன்னேன். "பாக்குதேன்" என்றாள், அவ்வளவுதான்.

ஜூன் மாதத்து டிரில்

அதிகாரி ஜூனில், பள்ளி திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு டிரில் வைத்தார். அவராகவே வைத்தார், நான் சண்டை போடவில்லை. காலையிலிருந்து தூறல். சந்து நிரம்பி வழிந்தது. ஊரிலிருந்து வந்த கருப்பட்டி வாசனையும் நனைந்த துணி வாசனையும் கலந்து வீசியது.

நான் மைமூன் அறையில் நின்றேன். தச்சர் செய்துகொடுத்த பலகை கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது. காசிம் வீட்டில்தான் இருந்தார். ஆனால் வேலை நாளில் அவர் இருக்க மாட்டாரே, அதனால் உதவக் கூடாது என்று கீழே நிறுத்திவைத்திருந்தோம். மனுஷன் வெறும் கையைப் பிசைந்துகொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார். எதிர் ஜன்னலில் திரை போட்டிருந்தது.

விசில் ஊதினார்கள். கம்ப்யூட்டரில் பார்த்த அதே நெரிசல் கண்ணெதிரே நடந்தது. சந்து முனையில் அடைத்துக்கொண்டது. தொண்டர்கள் உள்ளே வரப் பார்த்துப் பின்னால் தள்ளப்பட்டார்கள். எதிர் ஜன்னல் திரை அசையவில்லை.

"பாத்தியளா டீச்சர். நான் சொன்னேம்லா" என்றாள் மைமூன். குரல் உடைந்திருந்தது.

திரை விலகியது. செல்லக்கனி நின்றாள். அவள் ஒரு கொக்கியை எடுத்துவிட்டுத் தள்ள, கிரில் கதவு மாதிரி திறந்தது. புதுக் கீல், செங்காவி பெயிண்ட் கூட இன்னும் மங்கவில்லை. வெல்டிங்காரரை அவளே கூட்டிவந்து செய்திருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லவில்லை.

மைமூன் பலகையைத் தள்ளினாள். செல்லக்கனி இழுத்து மாட்டினாள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"டீச்சர், உக்காந்தே நவந்து வரச் சொல்லுங்க. கீழ பாக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள் செல்லக்கனி என்னைப் பார்த்து.

"பாக்க மாட்டேன்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள் மைமூன், அவளும் என்னைப் பார்த்து.

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கை தூரம். அதில் நான் தபால்காரி.

மைமூன் பலகையில் உட்கார்ந்து கைகளை ஊன்றி நகர்ந்தாள். நடுவில் நின்றுவிட்டாள். கீழே பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. விரல்கள் பலகை விளிம்பைப் பிடித்த பிடியில் வெளுத்துப்போயின. காசிம் கீழே "அல்லாவே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்லக்கனி இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே வந்து, மைமூனின் இரண்டு கையையும் பிடித்து, தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மைமூன் உள்ளே போய்விட்டாள். சந்தே கைதட்டியது. அதிகாரி குடையைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

நான் ஏணியிறங்கிச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போனபோது, தொண்டர்கள் பின்பக்கப் படியில் இறக்கிக் கொண்டுவந்த மைமூன் என் காதில், "தேங்க்ஸுன்னு சொல்லிருங்க" என்றாள். மேலே போய்ச் சொன்னேன். "தாட்பத்ரிய ஒரு சாண் உள்ள இழுக்கச் சொல்லுங்க" என்று பதில் வந்தது.

தாட்பத்ரி உள்ளே இழுக்கப்பட்டது. பேச்சு மட்டும் வரவில்லை. அச்சான திட்டத்தில் பள்ளிக்கூட வரி இல்லை, அதற்குப் பதில் ஜன்னல் இருந்தது. இனி ஜூனிலும் டிரில் உண்டு என்றும் இருந்தது. மற்றச் சந்துகளிலிருந்தும் எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்த மத்தியானம்

அந்த மழைக்காலத்திலேயே ஒரு வேலை நாள் மத்தியானம் மழை கொட்டியது. கடலும் ஏறியிருந்த நேரம். ரயில் நின்றுவிட்டது. செம்பூரில் கல்லூரி வாசலே குளமாகிவிட்டது. தாராவியில் தண்ணீர் ஏறுகிறது என்று போனில் வீடியோக்கள் வந்தன.

மைமூனைக் கூப்பிட்டேன், போன் போகவில்லை. காசிம் கூப்பிட்டார். பட்டறையில் மாட்டிக்கொண்டிருந்தார், ரோட்டில் கழுத்தளவு என்றார். "அவ போன் எடுக்கல டீச்சர். ஒங்களுக்காவது பேசுனாளா?" இல்லை என்று சொல்வதற்குள் லைன் அறுந்தது.

ஸ்நேஹல் பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டரில் அந்தச் சந்தைத் திறந்தாள். "மூடு அதை" என்று கத்தினேன். புள்ளி வெளியே வந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. விடாமல் போன் போட்டேன். டிரில் நடந்தது காலையில், தூறலில், ஊரே கைதட்ட. இது அப்படியில்லை. பலகை நனைந்திருக்கும், வழுக்கும். எதிரே செல்லக்கனி வீட்டில் இருக்கிறாளோ, முறுக்குப் போடக் கடைக்குப் போயிருக்கிறாளோ. இருந்தாலும் மைமூன் கூப்பிடுவாளா? வாயைத் திறந்து அவள் பெயரைச் சொல்வாளா?

வெளிச்சம் மங்கும் நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"டீச்சர், நான் செல்லக்கனி. எம் மக போன்லேர்ந்து பேசுதேன். அவ போன் தண்ணில விழுந்துட்டு. இங்கதான் இருக்கா, எங் கட்டில்ல. காசிம் அண்ணனுக்கும் சொல்லிட்டோம்."

"பயந்தாளா?" என்று கேட்டேன்.

"பயந்தது நானு. அவ என்னிய வஞ்சுக்கிட்டேல்லா வந்தா, கையச் சரியாப் பிடிக்கலன்னு." பின்னால் மைமூன் குரல் ஏதோ சொன்னது. செல்லக்கனி போனை நகர்த்திவைத்து, "சும்மா இரிட்டி, டீச்சர்ட்ட பேசிக்கிட்டு இருக்கேம்லா" என்று அவளுக்குப் பதில் சொன்னாள்.

"செல்லக்கனி, நீங்க ரெண்டு பேரும் பேசறேளா?"

"பெறவு? தண்ணி வடியுத மட்டும் மொகத்தையே பாத்துக்கிட்டா இருக்க முடியும்? ரெண்டு வருசக் கத கெடக்கு டீச்சர். நீங்க போன வைங்க, நான் பெறவு கூப்பிடுதேன்."

அன்று அவள் கூப்பிடவே இல்லை.